தட்டியில் ஒட்டிவைத்த பொட்டு

குந்தாரப்பள்ளி
14.6.2024

யுவஸ்ரீக்கு,

சுவாதியின் அம்மா மாதேஸ்வரி எழுதுகிறேன். காரியத்தன்று ஊர் கேட்க உன்னைத் திருடி என்று கத்தினவள். இதை நீ பிரிக்காமலே கிழித்துப் போடலாம். பிரித்தால் முழுசாகப் படி. ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன், எழுத்து கோணலாக இருக்கும்.

உன் நம்பரை அன்றைக்கே அழித்துவிட்டேன். நம்பர் இருந்தாலும் போனில் எனக்குப் பேச வராது. அவள் பேரை எடுத்ததும் அழுதுவிடுகிறேன், அந்தப் பக்கம் இருப்பவர்கள் அலோ அலோ என்கிறார்கள். அவளுக்கு வேலை கொடுத்த காகிதத்தில் உங்கள் ஆபீஸ் விலாசம் இருந்தது. அதைப் பார்த்து எழுதுகிறேன். அவள் தொட்ட கம்ப்யூட்டரை நீ தூக்கிக்கொண்டு போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அதைக் கேட்க எழுதவில்லை.

நேற்று சந்தைக்கு ஒரு ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பினேன். தை மாசம் அந்த ரோட்டில்தான் அவள் வண்டியை லாரி அடித்தது. அதிலிருந்து பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் உட்காருவதில்லை. நேற்று அங்கேதான் இடம் கிடைத்தது. பாலம் வேலை நடக்கிற இடத்தில் பஸ் நின்றுவிட்டது. எதிரே பெரிய போர்டு. வீடு விற்கிற கம்பெனி போர்டு. ஒரு கூடம், சோபா, தொங்குகிற விளக்கு, மூலையில் கை கழுவுகிற தொட்டியும் கண்ணாடியும். சுவர் முழுக்க மூங்கில் தட்டி.

அது எங்கள் தட்டி. சமையல்கட்டுக்கு வெளிப்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரம் இருந்த தட்டி.

மூங்கில் எல்லாம் ஒரே மாதிரிதானே என்று கேட்பாய். அந்தச் சுவரில் சுவாதியின் பொட்டு ஒட்டியிருக்கிறது. மெரூன் ஸ்டிக்கர் பொட்டு, நடுவில் கல் விழுந்துபோனது. முகம் கழுவும் முன்னால் நெற்றியிலிருந்து எடுத்துத் தட்டியில் ஒட்டுவாள். கழுவினதும் புதுசு வைத்துக்கொண்டு ஓடுவாள். பழசை நான் எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்வேன்.

"ஐயோ, எம் பொண்ணு பொட்டு" என்று பஸ்ஸிலேயே சத்தம் போட்டுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "என்னாக்கா, ஆணி மண்ட மாதிரி இருக்குது, அத்த போயி பொட்டுங்கற" என்றாள்.

ஆனால் அதே பொட்டு அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது, மேலேயும் கீழேயும் வரிசையாக இருக்கிறது. ஒருத்தி எத்தனை இடத்தில் பொட்டு ஒட்டுவாள்? ஒன்றைப் பார்த்தபோது அவள் இப்போதுதான் ஒட்டிவிட்டு ஓடின மாதிரி இருந்தது. அத்தனையும் பார்த்தபோது யாரோ கேலி பண்ணுகிற மாதிரி இருந்தது.

அந்தத் தட்டியைப் பிரித்து நானே வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தேன். அவள் சம்பளத்தில்தான் அந்த இடத்தில் ஹாலோ பிளாக் சுவர் வைத்தோம். எரித்த தட்டி அந்த வீட்டுக்கு எப்படிப் போனது? அந்த வீடு எங்கே இருக்கிறது, அதை மட்டும் எழுது. வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

மாதேஸ்வரி

*

குந்தாரப்பள்ளி
3.7.2024

யுவஸ்ரீக்கு,

நீ எழுதவில்லை. எழுதமாட்டாய் என்று எனக்கே தெரியும்.

போர்டில் பாகலூர் ரோடு என்று போட்டிருந்தது. மாங்கூழ் கம்பெனியில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு நானே கிளம்பினேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினபோது கால் தானாக உங்கள் ஹாஸ்டல் பக்கம் திரும்பியது. அவளுக்கு முறுக்கும் ஊறுகாயும் தூக்கிக்கொண்டு வந்த பழக்கம். அப்புறம் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

அங்கே போய்ப் பார்த்தால் கம்பி வேலி. உள்ளே செம்மண். கல் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் ராமப்பன் என்று ஒரு பெரியவர், கன்னடம் கலந்து பேசினார்.

"ஏ அம்மா, யாரு பேக்கு, யாரு வேணும்? சித்தாளு வேலைக்கின்னா இப்ப ஆள் எடுக்கல."

"வேலைக்கு வரலீங்கய்யா. மூங்கில் சுவரு வச்ச வீடு எது? போர்டுல போட்டுக்கிறீங்களே."

"அந்த வீடா?" அவர் சிரித்தார். "அந்த வீட்ட பாக்கத்தாம்மா நானும் வேலிக்குள்ள ஒக்காந்துக்கினு இருக்கறேன். கட்டுனாங்கன்னா மொதல்ல ஒனக்குத்தான் சொல்றேன்."

நான் அழுததைப் பார்த்துப் பயந்துவிட்டார் பாவம். நாற்காலியை விட்டு எழுந்து என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தவள் என்று நினைத்துவிட்டார் போல. "யாரு கிட்ட குடுத்தம்மா, ரசீது இருக்குதா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.

வீடும் இல்லை, தட்டியும் இல்லை. அப்புறம் நான் பார்த்தது என்ன? எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? அதையாவது எழுது.

மாதேஸ்வரி

*

ஓசூர்
8.7.2024

சுவாதி அம்மாவுக்கு,

உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அது சுவாதியின் பொட்டுதான்.

முதல் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். கோபத்தில்தான் பதில் எழுதவில்லை. கம்ப்யூட்டர் ஆபீஸுடையது அம்மா. அதை நான் எடுத்துக்கொண்டு வராவிட்டால் முதலாளி என்னைத்தான் கேட்பார். அன்று இதைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், யார் காதிலும் ஏறவில்லை. எல்லாரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். என்னை ஒருத்தர்கூடச் சாப்பிடச் சொல்லவில்லை. மூன்று வருஷம் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் நான். என் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம், இங்கே எனக்கு இருந்தது அவள் ஒருத்தி. வெறும் வயிற்றோடு ஓசூர் பஸ் ஏறினேன். இரண்டாவது கடிதத்தில் நீங்கள் வேலி ஓரத்தில் நின்றதைப் படித்த பிறகு கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டாத வீட்டைக் கட்டி முடித்தது போலப் படம் செய்வதுதான் எங்கள் வேலை. ரெண்டரிங் என்போம். கம்ப்யூட்டரில் முதலில் சுவர், தரை, சோபா எல்லாம் சுண்ணாம்பில் செய்த மாதிரி வெறும் வெள்ளையாக இருக்கும். நிஜப் பொருளைப் போட்டோ எடுத்து அதன்மேல் போர்த்துவோம். மூங்கில் வேண்டுமென்றால் மூங்கிலில் ஒரு சதுரம் எடுத்து, அதையே டைல்ஸ் ஒட்டுவது போல வரிசையாக அடுக்குவோம். ஒரு சதுரம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று கண்ணுக்குத் தெரியக்கூடாது. வலது ஓரம் இடது ஓரத்தோடு சேர வேண்டும், மேல் விளிம்பு கீழ் விளிம்போடு சேர வேண்டும். சுவாதி செய்தால் ஒட்டுத் தெரியாது. அதில் அவளுக்கு அப்படி ஒரு கை.

அந்தச் சதுரத்தில் ஒரு கறை தனியாகத் தெரிந்தாலும் அதே கறை சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். பார்ப்பவருக்கு இது பொய்ச் சுவர் என்று உடனே தெரிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் துடைத்துவிடுவோம். உங்கள் தட்டியில் இருந்த புகைக்கறை, ஆணி, கயிறு கட்டின தடம் எல்லாவற்றையும் துடைத்தவள் பொட்டை மட்டும் விட்டிருக்கிறாள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா, தெரியவில்லை. மூங்கில் பெரிதாகத் தெரியட்டும் என்று அளவை ஏற்றினோம், பொட்டும் சேர்ந்து பெரிதாகிவிட்டது. எங்கள் அறைக் கண்ணாடியிலும் அவள் ஒட்டிவைப்பாள். தினமும் அதைப் பார்த்த நான் படத்தில் பார்த்தபோது மூங்கில் கணு என்று நினைத்துவிட்டேன்.

அந்த மூங்கில் சதுரத்துக்கு அவள் வைத்த பெயர் 'அம்மா தட்டி'. ஆபீஸிலும் அதுவே பெயராகிவிட்டது. "காபி ஷாப்புக்கு அம்மா தட்டி போட்டுப் பாருங்க" என்பார் எங்கள் முதலாளி பிரேம்குமார் சார்.

யுவஸ்ரீ

*

குந்தாரப்பள்ளி
15.7.2024

யுவஸ்ரீக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பாதி புரிந்தது. அம்மா தட்டி என்று பேர் வைத்ததை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

நீ சாப்பிடாமல் போனது எனக்குத் தெரியாது. அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை. அது உனக்குப் பதில் ஆகாது, தெரியும்.

அவள் அந்தப் போட்டோ எடுத்த நாள் ஞாபகத்துக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை. யாரிடமோ கேமரா வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"எம்மா, அப்பா வெள்ள வேட்டி ஒண்ணு குடு."

"எதுக்குடி?"

"தட்டி மேல வெயில் விழக்கூடாது. இப்பிடி விரிச்சி புடிச்சிக்கினு நில்லு. ஒன் நெழலும் விழக்கூடாது."

"வெயிலும் வேணாம், நெழலும் வேணாம்னா மழ பெய்யறப்ப வந்து எடு. அடுப்புல கொழம்பு தீயுது."

"கொழம்பு தீஞ்சா தீயட்டும். ஆடாத, எம்மா."

எனக்குக் கை கடுத்துப்போனது. "இந்தக் கரி புடிச்ச தட்டிய போயி யாருடி பாப்பாங்க?" என்று திட்டினேன். "பணக்காரங்க பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஸ்கூலில் படிக்கும்போது சிநேகிதிகள் வந்தால் அந்தத் தட்டி தெரியக்கூடாது என்று என் புடவையை எடுத்து மேலே தொங்கவிடுகிற பெண் அவள்.

குழம்பு தீய்ந்துதான் போனது. அவள் அப்பா அதையே ஊற்றிச் சாப்பிட்டார்.

இப்போது கம்பெனி விட்டதும் ஒரு பஸ் ஸ்டாப் முன்னாலேயே இறங்கி போர்டைப் பார்த்துவிட்டு நடந்து வருகிறேன். கையெல்லாம் மாம்பழ வாடை, ஈ மொய்க்கிறது. நின்று பார்க்கிறேன். பொய்ச் சுவராக இருந்தால் என்ன, பொட்டு அவளுடையதுதானே. அவள் அப்பா கங்கப்பன் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதே இல்லை. தை மாசத்திலிருந்து அவள் பேரையே சொல்வதில்லை. கல் அறுக்கப் போகிறார், வருகிறார், தூங்குகிறார்.

அந்த போர்டு இன்னும் எத்தனை நாள் இருக்கும்?

மாதேஸ்வரி

*

ஓசூர்
24.7.2024

அம்மாவுக்கு,

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். கவர் மடங்காமல் இருக்க அட்டை வைத்து அனுப்புகிறேன். சதுரமாக வெட்டுவதற்கு முன்னால் சுவாதி எடுத்த முழுப்படம் அவள் கோப்புகளுக்குள் கிடந்தது. இடது ஓரத்தில் வெள்ளைத் துணியும் அதைப் பிடித்திருக்கிற நாலு விரலும் தெரிகின்றன. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது யார் கை என்று தெரிந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நீங்கள் ஒரு நாள் போர்டின் முன்னால் நின்று தெரிந்துகொள்வீர்கள். அது இதைவிட மோசம்.

வீடு கட்டும் கம்பெனிக்காரர்கள் சிவப்புப் புள்ளிகளைக் கவனித்துவிட்டார்கள். வாங்க வந்த யாரோ, "சுவத்துக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டாராம். படத்தைச் சரிசெய்து தரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் புதுப் படத்தை ஒட்டுகிறார்கள். அம்மா தட்டி எந்தெந்தப் படத்தில் இருக்கிறதோ எல்லாவற்றிலும் பொட்டை எடுத்துவிட்டு, பழைய கோப்பை அழித்துவிடச் சொன்னார் பிரேம்குமார் சார். சுவாதியின் வேலையெல்லாம் இப்போது என் மேஜைக்குத்தான் வருகிறது. இதுவும் வந்திருக்கிறது.



யுவஸ்ரீ

*

குந்தாரப்பள்ளி
30.7.2024

யுவஸ்ரீக்கு,

போட்டோ வந்தது. நீ அதை அனுப்பியிருக்க வேண்டாம். என் கை இருக்கிறது, அவள் இல்லை. எடுத்தவள் எப்படி இருப்பாள் என்று நீ கேட்கலாம். அவள் அப்பா போட்டோவைக் குப்புற வைத்துவிட்டார்.

கம்ப்யூட்டரை எடுத்தாய். இப்போது பொட்டையும் எடுக்கிறாய்.

அவளுக்கு என்று என்ன மிச்சம் இருக்கிறது சொல்லு. வண்டி நசுங்கிப் போனது. செல்போன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. துணியைத் தண்ணீரில் விட்டாகிவிட்டது. தட்டியை நானே எரித்தேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிற மாதிரி அவளுடையது ஒன்று நிற்கிறதே என்று இருந்தேன். அது யாரை என்ன பண்ணியது?

எடுத்தே ஆக வேண்டும் என்றால் வேறு யாராவது எடுக்கட்டும். நீ எடுக்காதே.

மாதேஸ்வரி

*

ஓசூர்
5.8.2024

அம்மாவுக்கு,

வேறு யாரும் இல்லை. நான் செய்யாவிட்டால் தட்டியையே தூக்கிவிட்டு, இன்டர்நெட்டில் விற்கிற மூங்கிலைப் போட்டுவிடுவார்கள். எங்கோ எடுத்த, யாரும் முகம் கழுவாத மூங்கில். அப்போது அவள் சேர்த்த சேர்ப்பும் போய்விடும்.

நீங்கள் திட்டுவது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் எனக்கு இதில் வலியே இல்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் அறையில் சுவாதியின் கட்டிலுக்குப் போன மாதம் காவேரி என்று புதுப் பெண் வந்தாள். நல்ல பெண், சுத்தக்காரி. வந்த அன்றே ஈரத்துணி எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். "அக்கா, யாரு இத்தன பொட்டு ஒட்டி வச்சிருக்காங்க, அசிங்கமா இருக்கு" என்று நகத்தால் சுரண்டி எடுத்தாள். வேலை முடிந்ததும், "இப்ப பாருங்க, பளிச்சுன்னு இருக்கு" என்றாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அப்படிச் சொன்ன வாயை வைத்துக்கொண்டுதான் இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறேன்.

உங்கள் முதல் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒருத்தி எத்தனை இடத்தில் பொட்டு ஒட்டுவாள் என்று கேட்டிருந்தீர்கள். அது என் மண்டையிலேயே நிற்கிறது. திரும்பத் திரும்ப வருவதால்தான் அது கறையாகத் தெரிகிறது. ஒரே ஒரு இடத்தில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் கறையாகத் தெரியாது. யாரோ வாழ்கிற வீடு என்று தோன்றும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைக்கலாமா என்று பார்க்கிறேன். சார் ஒப்புக்கொள்வாரா தெரியாது. ஒப்புக்கொண்டாலும் அந்தக் கம்பெனிக்காரர்கள் விடுவார்களா தெரியாது. உறுதி தர என்னால் முடியாது.

அவள் எந்த இடத்தில் ஒட்டுவாள்? கண்ணாடி மாட்டியிருந்ததா? அதற்கு எந்தப் பக்கம், எந்த உயரம்? அதை மட்டும் எழுதுங்கள்.

யுவஸ்ரீ

*

குந்தாரப்பள்ளி
10.8.2024

யுவஸ்ரீ,

காவேரியை ஒன்றும் சொல்லாதே. அவளுக்கு என்ன தெரியும்.

கண்ணாடி இருந்தது. ரசம் போன சின்னக் கண்ணாடி, தட்டியில் ஆணி அடித்து மாட்டியது. கண்ணாடிக்கு இடது பக்கம் ஒட்டுவாள். வலது கையில் சோப்பு இருக்கும், இடது கையால் பொட்டை எடுத்து, பார்க்காமலே அப்படியே கையை நீட்டி ஒட்டுவாள். நேராக இருக்காது.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் இடுப்பு உயரத்தில் ஒட்டினாள். அவள் வளர வளர அதுவும் மேலே ஏறியது. அவள் அப்பா வாகு, உயரம். கடைசியில் நான் குதிகாலைத் தூக்கிக் கையை எட்டிப் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. "கீழ ஒட்டுனா ஒங்கப்பன் வீட்டு சொத்து கொறஞ்சிடுமா?" என்று கேட்பேன். "நீ எட்டி எடுக்கறப்ப பாக்க நல்லா இருக்குது எம்மா" என்பாள்.

அவள் போன பிறகு நான் ஸ்டிக்கர் பொட்டு வைப்பதில்லை. கட்டின புருஷன் இருக்கிறாரே என்று குங்குமம் மட்டும் தொட்டுக்கொள்கிறேன்.

நீ முடிந்தால் செய். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது. எனக்கும் கோபப்பட்டுக்கொண்டே இருக்கத் தெம்பு இல்லை.

மாதேஸ்வரி

*

ஓசூர்
23.8.2024

அம்மாவுக்கு,

பொட்டையெல்லாம் எடுத்துவிட்டேன். ஒரு சதுரத்தில் எடுத்தால் போதும், சுவர் முழுவதும் போய்விடும். வேலை என்று பார்த்தால் டீ ஆறுகிற நேரம்கூட ஆகாது. எனக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டது. பழைய கோப்பையும் அழித்துவிட்டேன். இனி காபி ஷாப் படத்திலும் மற்ற படங்களிலும் வெறும் மூங்கில்தான். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

போர்டுக்குப் போகிற படத்தில் மட்டும், கை கழுவும் இடத்துக் கண்ணாடிக்கு இடது பக்கம் ஒன்றை வைத்தேன். கொஞ்சம் கோணலாக. உயரத்துக்கு என்னையே அளவாக வைத்துக்கொண்டேன். அவள் என்னைவிட ஒரு விரற்கடை உயரம் அதிகம். அதையும் சேர்த்துக்கொண்டேன்.

சார் கண்ணில் உடனே பட்டுவிட்டது.

"யுவஸ்ரீ, ஒண்ண விட்டுட்டீங்க."

"விடல சார். வச்சேன்."

"என்னது அது?"

"பொட்டு சார். சுவாதியோடது."

அவர் மவுசைப் பிடித்தார். படத்தைப் பெரிசாக்கினார், சிறிசாக்கினார். "கிளையன்ட் கேட்டா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்று எழுந்து போய்விட்டார்.

படம் பார்க்க வந்தவர் வீடு கட்டும் கம்பெனி முதலாளியின் மருமகள், பிரவீனா மேடம். கலர், சோபா எல்லாம் அவர் சொல்வதுதான். சுவரைப் பார்த்தார், விளக்கை மாற்றச் சொன்னார், சோபாவுக்கு வேறு நிறம் கேட்டார். போகும்போது திரும்பி வந்து கண்ணாடி பக்கத்தில் விரல் வைத்தார். "இது ஸ்டிக்கர் பொட்டா?" என்றார். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டார். "எங்க வீட்டு பாத்ரூம் டைல்ஸ்ல வந்து பாருங்க, என் மாமியார் கடையே வச்சிருக்காங்க. இருக்கட்டும், விடுங்க. வீடு மாதிரி இருக்கு."

சோபாவின் நிறத்தை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது. அடுத்த வாரம் ஒட்டுவார்கள். தீபாவளிக்கு அந்த இடத்தில் நகைக்கடை போர்டு வரும் என்று சொன்னார்கள். அதுவரைக்கும்தான் இருக்கும். அதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை.

யுவஸ்ரீ

*

குந்தாரப்பள்ளி
8.9.2024

யுவஸ்ரீ பாப்பாவுக்கு,

மாங்கூழ் சீசன் முடிந்துவிட்டது. இனி களையெடுப்புக்குத்தான் போக வேண்டும். அந்த ரோட்டுப் பக்கம் தினமும் போக வேலையில்லை. அதுவும் நல்லதுதான் என்று நினைக்கிறேன்.

தை மாசம் அவளுக்கு வருஷம் கும்பிடுகிறோம். நீ வர வேண்டும். உனக்கு முதல் இலை போடுகிறேன். காவேரி வருகிறேன் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு வா. கம்ப்யூட்டர் பேச்சை இனி எடுக்கமாட்டேன். நீ அனுப்பின போட்டோவை அவர் குப்புற வைத்தார் என்று எழுதினேன் இல்லையா, இப்போது அது புதுச் சுவரில் இருக்கிறது. அவரே ஆணி அடித்தார். ஹாலோ பிளாக்கில் ஆணி நிற்கவில்லை, இரண்டு தடவை பெயர்ந்து விழுந்தது. மரச்சக்கை வைத்து இறுக்கினார்.

நேற்று தீவனம் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. போர்டு இருக்கிற இடம் வந்ததும் அவர்தான் முதலில் எழுந்தார்.

இரண்டு பேரும் கீழே நின்றோம். நல்ல வெயில். சோபா பச்சையாகிவிட்டது. சுவர் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. நீ இடம் எழுதியிருந்தும் அது மறந்துபோனது. முன்னால் பார்த்துப் பழகின இடத்தையே கண் தேடியது. நடுவில் தேடினேன், மேலே தேடினேன். கண்ணில் தண்ணீர் நிற்கும்போது என்ன தெரியும்? லாரி போகும்போதெல்லாம் தூசி வேறு. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார். இவர் பார்க்கமாட்டார், நான் மட்டும் தேடிக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தேன்.

"அங்க எங்க பாக்கற?" என்றார். "கண்ணாடி பக்கத்துல பாரு."

அவர் கை காட்டின இடத்தில் இருந்தது. ஒன்றே ஒன்று. கோணலாக.

"இன்னிக்கும் எடுக்காம ஓடிட்டா, கழுத" என்றார்.

தை மாசத்துக்கு அப்புறம் அவளைப் பற்றி அவர் பேசின முதல் பேச்சு அது. தீவனக் கடையைச் சாத்திவிடுவார்கள் என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

நான் கொஞ்சம் பின்தங்கினேன். போர்டு எவ்வளவு உயரம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் குதிகாலைத் தூக்கி ஒரு தடவை கையை நீட்டிவிட்டேன். பழக்கம்தான்.

மாதேஸ்வரி